சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு

மகளே, அம்மா எழுதுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. உனக்கு மீட்டிங் இல்லாத நேரத்தில் என் ஜவுளிக்கடையில் ஒரு கல்யாண வீடே வந்து நிற்கிறது. கடிதம் என்றால் பாதியில் நீ "சீக்கிரம் சொல்லும்மா" என்று அவசரப்படுத்த முடியாது, அந்த மட்டும் எனக்கு நிம்மதி. நீ ஆடி முடிந்து மாப்பிள்ளையோடு பெங்களூருக்கு ரயிலேறிய பிறகு இங்கே என்ன நடந்தது, இலத்தூரில் உன் மாமியார் வீட்டு ஹாலில் கடைசியில் எந்தப் படம் ஏறியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கூடவே கொஞ்சம் புத்திமதியும் வரும். பெற்றவள் எழுதினால் அது வராமல் இருக்குமா?

புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எதற்கு? நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போகத்தான். நீ என்னடாவென்றால் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டியோடு இறங்கினாய். உன் அப்பா வாசலில் நின்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றாலும் சந்தேகம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "ஏட்டி, இது என்ன, கொடுத்த சீரு திரும்பி வருதா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "எப்பா, பிரிண்டர். கல்யாணப் படத்த நாமளே போடப்போறோம்" என்றாய். கூடவே உன் ஆபீசில் கேட்டு வாங்கி வந்த, நிறத்தை அளக்கிற அந்தச் சின்ன மிஷினையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினாய். ஸ்டுடியோவில் கொடுத்தால் அவர்கள் போட்டுத் தரமாட்டார்களா, இதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்று நான் கேட்டேன். நீ அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெட்டியைக் கடைக்கு மேலே மாடிக்கு ஏற்றப் போய்விட்டாய்.

பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. நீ அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. "எம்மா, இலத்தூர் வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். அத்த என்னை ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. ஆனா ஹாலுக்குள்ள போகும்போதெல்லாம் சுவத்துல இருந்து ஒருத்தி என்னையப் பாக்குதா. அவ யாருன்னே எனக்குத் தெரியல" என்றாய். நிச்சயதார்த்தப் படத்தைச் சொல்கிறாய் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதை எடுத்தவர் உன் முகத்தை அரிசி மாவில் புரட்டி எடுத்ததுபோல ஆக்கி, கழுத்தை மட்டும் மறந்து விட்டுவிட்டார். ஆல்பம் வந்த அன்று நீ ஒரு பக்கம் திருப்பினாய், மூடி வைத்தாய், அதோடு சரி. உன் மாமியார் அதையே பெரிதாக்கி ஆசையாக ஹாலில் மாட்டினார். இப்போது கல்யாணப் படமும் அந்த இடத்துக்கு வேண்டுமாம், "நல்லா சிவப்பா" வேண்டுமாம். அவர் ஸ்டுடியோவில் சொல்வதற்கு முன்னால் உன் நிறத்தில் ஒரு படத்தைப் போட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். துருவிய தேங்காயை வாங்கி வைத்துவிட்டு, சரி, பிரிண்டரைப் பிரி என்றேன்.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து, பிளவுஸ் பிட்டுகளை நிறவாரியாக அடுக்குவாய். அரக்கு ஒரு பக்கம், வாடாமல்லி ஒரு பக்கம், கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் தனித்தனியாக. ஒரு நாள் வழக்கமாக வருகிற வாடிக்கைக்காரி ஒருத்தி உன் கன்னத்தைக் கிள்ளி, "கறுப்பா இருந்தாலும் களையா இருக்காளே ஒங்க பிள்ள" என்றாள். மெச்சித்தான் சொன்னாள். நானும் சிரித்துத் தலையாட்டினேன். அவள் போன பிறகு நீ என்னிடம் வந்து, "எம்மா, அது என்ன 'இருந்தாலும்'?" என்று கேட்டாய். பேச்சை மாற்ற, வா, உன் கைக்கு மேட்ச் தேடுவோம் என்று அலமாரியைத் திறந்தேன். காப்பிப்பொடி நிறத்தை வைத்துப் பார்த்தோம், மஞ்சள் அதிகம். இலுப்பைப்பூ நிறம் என்று விற்கிற துணி சாம்பலாகத் தெரிந்தது. கடையில் இருந்த மரநிறம் எல்லாவற்றையும் உன் கையில் போட்டுப் பார்த்தும் ஒன்றும் பொருந்தவில்லை. உனக்கு அதில் ஒரே பெருமை. என் நிறத்துக்கு நம்ம கடையிலேயே மேட்ச் இல்ல என்று உன் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாய்.

அதனால்தானோ என்னவோ, நீ புரொஃபைல் என்றால் என்ன என்று விளக்கியபோது எனக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஒரு நிறத்தைக் கேட்கிறது, பிரிண்டர் தனக்குத் தோன்றிய வேறொன்றைப் போடுகிறது. ஆகவே முதலில் அதன் சொந்த புத்தியை அணைத்துவிட்டு, சின்னச் சின்னக் கட்டங்களாக நூற்றுக்கணக்கான நிறங்களை அதே பேப்பரில், அதே மையில் அடிக்கச் சொல்ல வேண்டும். அது என்ன போட்டிருக்கிறது என்று மிஷினை வைத்து வரிவரியாக அளக்க வேண்டும். கேட்டது இது, போட்டது இது என்கிற வித்தியாசம் முழுவதையும் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலாக்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் படம் போடும்போது அந்த ஃபைலைப் பார்த்துத் திருத்தித் திருத்திக் கேட்கும். "எம்மா, இது பிரிண்டரோட ஜாதகம். பேப்பர மாத்துனா ஜாதகமும் மாறிரும்" என்றாய் நீ. நான் கடையில் தினமும் செய்வதும் அதுதானே. வெள்ளை டியூப்லைட்டில் மெரூனாகத் தெரிகிற துணி வெயிலில் அரக்காக இருக்கும். எந்தத் துணி எந்த வெளிச்சத்தில் என்ன வேஷம் போடும் என்று மனதில் கணக்கு வைத்துக்கொண்டுதான் ஒவ்வொருவரையும் தெருவுக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்கிறேன். உனக்கு நான் இதைச் சொன்னதும், "அப்போ நீ இத்தன வருசமா புரொஃபைல் போட்டுட்டுதான் இருக்க" என்றாய். நல்ல வார்த்தை, சந்தோஷமாக இருந்தது.

ஆனாலும் முதல் தடவை காரியத்தைக் கெடுத்தது நான்தான். குற்றாலத்தில் சீசன், தென்காசி முழுக்கச் சாரல். துவைத்த துணி கொடியில் கிடந்து பூசணம் பிடிக்கிற காற்று. நீ கட்டங்கள் அடித்த தாளை மேஜையில் பரப்பி, காயட்டும், நாளைக்கு அளப்போம் என்றாய். எனக்குப் பொறுக்குமா? தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. காஞ்சிருச்சு, அளந்துருவோம் என்று உன்னை நச்சரித்து அன்றைக்கே அளக்க வைத்தேன். உன் அப்பா ஸ்கேலைப் பிடிக்க, நீ மிஷினை இழுக்க, கொஞ்சம் வேகமாகப் போனால் அது கீச்சென்று கத்த, மறுபடி அந்த வரியை முதலிலிருந்து இழுக்க, எங்களுக்கு அது திருவிழாவாக இருந்தது. படம் வந்தபோது உன் முகத்திலும் மாப்பிள்ளை முகத்திலும் லேசாகப் பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை. மேலே காய்ந்திருந்த மை உள்ளே காயவில்லை. காயக் காய நிறம் நகர்ந்துவிட்டது, நாம் அளந்தது நகர்வதற்கு முன்னால் இருந்த நிறத்தை. நீ என்னைத் திட்டவில்லை. வேறொரு தாளில் அடித்து, துணி ஸ்டாக் வைக்கிற அறையில் ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சாவியை உன் இடுப்பில் செருகிக்கொண்டாய்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீயும் மாப்பிள்ளையும் சண்டை போடுவீர்கள். போடாவிட்டால்தான் எனக்குக் கவலை. போட்ட அன்றைக்கே உட்கார்ந்து அவர் இப்படிப்பட்டவர், இந்தக் குடும்பம் இப்படிப்பட்டது என்று ஒரு முடிவுக்கு வந்துவிடாதே. அன்று தெரிகிற நிறம் ஈரத்தின் நிறம். நானும் உன் அப்பாவும் கல்யாணமான புதிதில் அவர் டியூட்டி முடிந்து வந்து பேசாமல் படுத்துவிடுவதைப் பார்த்து, இவர் கல்நெஞ்சக்காரர் என்று என் அம்மாவுக்கு எழுதிப் போட்டவள் நான். மனிதர் களைத்துப் போயிருந்தார், அவ்வளவுதான். சாப்பாடு போட்டுவிட்டு மறுநாள் காலையில் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுவார். அந்தச் சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நீ பிறக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது தாளில் எல்லாம் சரியாக வந்தது, உன் புடவையைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் கல்யாணம் முடிந்த கையோடு ஐந்தருவிக்கு எதிரே, சாரலில் ஒரே குடைக்குள் நின்று எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிற அந்தப் படம்தான் இலத்தூருக்கு என்று முடிவு செய்திருந்தோம். அதில் நீ கட்டியிருந்தது மயில்கழுத்துப் பட்டு. நீலத்தில் பச்சை இழையை ஊடு கொடுத்து நெய்தது. அசைந்தால் ஒரு நிறம், நின்றால் ஒரு நிறம். அதை வாங்க நானே எத்தனை கடை ஏறி இறங்கினேன். பேப்பரில் அது மங்கித்தான் வந்தது. நீ கம்ப்யூட்டரில் ஏதோ வரைபடத்தைக் காட்டி, "இந்த மைக்கு இவ்வளவு தூரந்தாம்மா கை எட்டும், அந்தப் பொடவ அதுக்கும் அங்கிட்டு இருக்கு" என்றாய். இரண்டு வழி இருக்கிறது என்றும் சொன்னாய். எட்டாத நிறத்துக்காகப் படத்தில் உள்ள எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கிச் சமாதானம் செய்யலாம், அல்லது எட்டாததை எட்டின மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் உள்ளபடி விடலாம். முதல் வழியில் புடவையின் மடிப்பு அழகாக இருந்தது, ஆனால் உங்கள் முகத்தின் நிறம் லேசாக நகர்ந்தது. நான் யோசிக்கவே இல்லை, புடவை போனால் போகிறது என்றேன். பட்டு விற்கிறவள் வாயிலிருந்து அப்படி வந்ததில் உனக்கே ஆச்சரியம். புருஷன் வீட்டில் உனக்கு ஒன்றிரண்டு விஷயம் எட்டவே எட்டாது மகளே. எட்டாததற்காக எட்டியதையெல்லாம் குறைத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான் சொல்லுவேன்.

ஹாலுக்கென்று அதே ரகத்தில் சொல்லியிருந்த பெரிய பேப்பர் வருவதற்குள் ஆடி முடிந்து, உன் லீவும் முடிந்துவிட்டது. எது எதை அமுக்க வேண்டும் என்று எனக்கும் அப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்து, பிரிண்டரை இங்கேயே விட்டுவிட்டு நீ போனாய். பேப்பர் வந்தது. நான் கடையில் இருந்தபோது உன் மாமியார் அப்பாவுக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, படத்தக் கொஞ்சம் சிவப்பா போட்டுத் தரச் சொல்லுங்க மைனிகிட்ட" என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். உன் அப்பாவைத்தான் தெரியுமே. மேலிடத்து உத்தரவு என்றால் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிற ஆள். மாடியில் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். அதில் சிவப்பு என்று ஒரு கோடு இருந்திருக்கிறது. பிடித்து இழுத்திருக்கிறார். படத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து உன் மாமியாரும் பிளவுஸ் துணி எடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா படத்தை விரித்தார். நீயும் மாப்பிள்ளையும் கோவைப்பழமாகச் சிவந்து நிற்கிறீர்கள். பின்னால் அருவியில் ரோஸ் மில்க் விழுகிறது. உன் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ அண்ணாச்சி, நான் சொன்னது இந்தச் சிவப்பு இல்ல!" அப்பா விறைப்பாக, "சிவப்புன்னுதான சொன்னீங்க?" என்றார். நானும் சிரித்துத்தான் விட்டேன். ஆனாலும் இதுதான் சமயம் என்று தோன்றியது. "பின்ன எந்தச் சிவப்பு மைனி?" என்று கேட்டேன்.

நம் ஊரில் இந்த வார்த்தையை யாரும் விளக்கிச் சொன்னதே இல்லையே. பெண் பார்க்கப் போகும்போது பொண்ணு சிவப்பா என்று கேட்பார்கள், சிவப்புதான் என்று சொல்லுவார்கள், இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். உன் மாமியார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் மைனி... கொஞ்சம்... வெளுப்பா" என்றார். வெளுப்பு என்று சொன்னதும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. குரல் இறங்கிவிட்டது. நான் கோபப்படவில்லை. நல்ல மனுஷி, உனக்காக நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு பெங்களூருக்கு அனுப்புகிறவர். வாங்க, உங்க கண்ணு முன்னாலயே போடுவோம் என்று மாடிக்குக் கூட்டிப்போனேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கம்ப்யூட்டரில் படத்தின் வெளிச்சத்தை மெல்ல மெல்ல ஏற்றினேன். நீ வெளுத்தாய். கூடவே மாப்பிள்ளையும் வெளுத்தார். உன் மாமியார் முதலில் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், "ஆங், இப்டித்தான், இன்னுங் கொஞ்சம்" என்று. நானும் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். சட்டென்று அவர் கண் உன் பக்கத்தில் நிற்கிறவர் மேல் போயிற்று. எழுந்து திரைக்குக் கிட்டே வந்து, "இது யாரு?" என்றார். உங்க பையன்தான் மைனி என்றேன். "எம் மவன் இப்டியா இருக்கான்? ரத்தம் செத்தவன் மாதிரில்லா இருக்கு. அவன் நெறம் மாறக் கூடாது மைனி" என்றார். "படம் ஒண்ணுதான, வெளுத்தா ரெண்டு பேரும் சேந்துதான் வெளுப்பாவ" என்றேன். உன் முகத்தை மட்டும் தனியாக வளைத்து வெளுக்க முடியும் என்று எனக்குத் தெரியும், நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். சொல்லவில்லை. சாமி என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு நம் ஃபைலை வைத்து, எதிலும் கை வைக்காமல், உள்ளபடி ஒன்று போட்டேன். காய்வதற்கு இந்தத் தடவை நான்தான் எல்லோரையும் காக்க வைத்தேன். மறுநாள் உன் மாமியார் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். சாரல் விட்டு நல்ல வெளிச்சம். அவர் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் மகனையே பார்த்தார். "அப்டியே இருக்கான்" என்றார். அப்புறம் பார்வை உன் பக்கம் நகர்ந்தது. நெற்றி, மூக்குத்தி, சிரிப்பு, குடையைப் பிடித்த கை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பிள்ளையும் அப்டியேதான் இருக்கா, என்ன மைனி? அன்னைக்குச் சாரல்ல நனைஞ்சுட்டு வந்து நின்னாளே, அப்டியே" என்றார். பிறகு, "சுவத்துல இருக்கவ இவ சாயலே இல்லன்னு எனக்கும் தெரியத்தான் செஞ்சிது. எல்லாரும் மாட்டுதாவ, நானும் மாட்டுனேன்" என்றார். யாரிடமும் குறை சொல்லுகிற குரல் இல்லை அது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இலத்தூருக்குப் போனோம். நிச்சயதார்த்தப் படத்தை உன் மாமியாரே இறக்கி, துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். உன் அப்பா ஆணியும் சுத்தியலுமாக, பழைய படம் இருந்த உள்சுவரிலேயே அடிக்கப் போனார். உன் மாமியார் தடுத்து, வாசலுக்கு நேரே இருக்கிற சுவரைக் காட்டினார். காலை வெயில் நிலைப்படி தாண்டி நேரே வந்து விழுகிற சுவர் அது. அப்பா, "அங்கன வேண்டாம் சம்பந்தியம்மா, வெயில் பட்டா நாளாக நாளாகப் படம் வெளுத்துரும்" என்றார். "வெளுத்தா மைனி இன்னொண்ணு போட்டுத் தருவாவ. வாசல்ல ஏறி வாரவ எல்லாரும் எம் மருமவள மொதல்ல பாக்கணும்லா அண்ணாச்சி" என்றார் உன் மாமியார். அப்பா அங்கேயே ஆணி அடித்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சுவரில் வெயில் நன்றாகவே விழுகிறது மகளே. படம் வெளுக்கத்தான் செய்யும். அதனால் நம் ஃபைலை யாரும் அழிக்கக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். என் கண்ணில் வெளிச்சம் இருக்கும்வரை, வெளுக்க வெளுக்க உன்னை உன் நிறத்திலேயே போட்டுக் கொடுப்பேன்.

அம்மா